எட்டு மணிக்கு நிற்கும் நாடு

தாய்லாந்தில் தினமும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும். ரயில் நிலையத்தில் விரைந்துகொண்டிருக்கும் கூட்டம் அப்படியே நின்றுவிடும். சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் படமெடுப்பார்கள். பார்த்தால் பரம்பரை வழக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு ராணுவத் தளபதியின் ஆட்சியில் பிறந்த உத்தரவின் மிச்சம்.

அந்தத் தளபதி பிபுன் சொங்கராம். 1932இல் முடியாட்சியின் முழு அதிகாரத்தைப் பறித்த குழுவில் ஒருவர், 1938இல் பிரதமரானார். மறு ஆண்டே சயாம் தாய்லாந்து ஆனது. தொடர்ந்து 12 பண்பாட்டு ஆணைகள் வந்தன. வெளியே போனால் தொப்பி வேண்டும். வெற்றிலை போடக் கூடாது. தெற்கின் மலாய் முஸ்லிமும் வடகிழக்கில் லாவோ பேசுபவரும் இனி வெறும் 'தாய்' மட்டுமே. இன்று ஊரெல்லாம் விற்கும் பட் தாய் நூடுல்ஸைப் பரப்பியதும் அந்த அரசுதான்! யார் நல்ல குடிமகன் என்று சொல்லும் உரிமையை ராணுவம் அன்று எடுத்துக்கொண்டது. இன்னும் திருப்பித் தரவில்லை.

2014 மே 22இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பிரயுத் சான்-ஓ-சா, பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கவென்று நற்பண்புகளை அறிவித்தார். அவையும் 12தான். 2020இல் அதே பிள்ளைகளில் பலர் வெள்ளை ரிப்பன் கட்டி, கொடியேற்றும்போது மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அரசுக்கு அந்த எதிர்ப்புச் சைகையின் பொருள் நன்றாகவே தெரியும்.

1932 முதல் பத்துக்கும் மேற்பட்ட ராணுவப் புரட்சிகளைக் கண்ட நாட்டில், இப்போது டாங்கி தேவைப்படுவதில்லை. 2017 அரசமைப்பு, நியமன செனட்டர்கள் 250 பேருக்குப் பிரதமர் தேர்வில் வாக்குரிமை தந்தது. 2023இல் மூவ் ஃபார்வேர்ட் கட்சி 1.4 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. அதன் தலைவர் பிடா பிரதமராவதை செனட் தடுத்தது. அரச அவமதிப்புக்கு 15 ஆண்டு வரை சிறைவிதிக்கும் 112ஆம் பிரிவைத் திருத்த முயன்றதற்காக, 2024 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் கட்சியையே கலைத்தது.

மறு ஆண்டு பிரதமர் பேடோங்டார்னின் முறை. கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னிடம் தொலைபேசியில் 'அங்கிள்' என்று குழைந்து, தன் நாட்டு எல்லைத் தளபதியைக் குறைகூறிய பேச்சு கசிந்தது. விவேகமற்ற பேச்சுதான். ஆனால் அதற்கு வாக்காளர் தீர்ப்பளிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை நீக்கியது. இதற்கிடையே ஜூலையில் எல்லையில் ஐந்து நாள் சண்டை மூண்டது. அவர் குறைகூறிய தளபதி பூன்சின் நாடு கொண்டாடும் நாயகனாகிவிட்டார்.