பட்டினி கிடந்த ஈஸ்ட்

விஞ்ஞானியின் செல்வாக்கை அவர் எழுதிக் குவித்த பக்கங்களால் எடைபோடுகிறவர்கள், 1993இல் ‘ஃபெப்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வெளியான ஒரு கட்டுரையை எடுத்துப் பார்க்க வேண்டும். மொத்தமே ஆறு பக்கம். எழுதியவர்கள் ஜப்பானின் யொஷினோரி ஓசுமியும் அவருடைய ஆய்வு மாணவர் மிகி சுகடாவும். செல் தன்னுடைய பாகங்களையே தின்று செரிக்கும் வேலைக்கு 1963இலேயே ‘ஆட்டோஃபேஜி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதை நடத்தும் மரபணுக்கள் எவை என்பதுதான் முப்பது ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. ஓசுமி தனி ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. எடுத்துக்கொண்டதோ ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட். அதிலும், செல்லின் குப்பைத்தொட்டி என்று பலரும் ஒதுக்கிய வாக்குவோல். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் செரிக்காத சின்னச் சின்ன உருண்டைகள் நிறைந்து துள்ளின. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கண்ணுக்குத் தெரிந்த அந்தத் துள்ளல்தான் எல்லாவற்றுக்கும் விதை என்று படுகிறது. மரபணு பழுதாகி, பட்டினியிலும் உருண்டை சேராத ஈஸ்டுகள் எவை என்று ஆயிரக்கணக்கில் சலித்துப் பார்த்ததில் 15 மரபணுக்கள் சிக்கின. அந்த ஆறு பக்கங்கள் சொன்னது இதைத்தான். அவற்றில் பலவற்றின் இணை மனித செல்லிலும் இருப்பது பின்னால் தெரியவந்தது. புற்றுநோயையும் பார்க்கின்சனையும் ஆராய்கிறவர்கள் இன்று அந்த மரபணுக்களைத் தேடி வருகிறார்கள். 2016இன் மருத்துவ நோபல், பங்காளி எவருமின்றி, ஓசுமி ஒருவருக்கே போனது. மறு ஆண்டே, உடனடிப் பயன் கேட்காத அடிப்படை ஆய்வுகளுக்குக் கைகொடுக்க அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.