பிழையின் வாயை அடைக்காதீர்கள்

“எரர் வந்துவிட்டது” என்று கணினி முன்னால் தலையில் கை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எரர் வந்தால் நல்லது என்பது என் கட்சி. வரவேண்டிய இடத்தில் வராமல் போவதுதான் ஆபத்து.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நிலத்தடி நீர் பற்றி ஒரு மனு கொடுப்பதாக ஏற்பாடு. வீட்டுக் கிணற்றில் மாதந்தோறும் கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஜனவரியில் 4,1 மீட்டர், ஜூலையில் 8,2, டிசம்பரில் 3,2. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி ஏன் என்று கேட்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கை. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். எழுபது தாண்டியும் பழக்கம் போகவில்லை.

பேத்தி நோட்டில் இருந்தபடியே தட்டச்சு செய்து, பைதான் மொழியில் மேட்பிளாட்லிப் என்னும் வரைபட நிரலிடம் கொடுத்தாள். படம் உடனே வந்தது. கோணல் இல்லாத ஒரே நேர்கோடு. மாதாமாதம் ஆழம் கூடிக்கொண்டே போகிறது!

“பிரமாதம் சார், இதையே மனுவில் வைத்துவிடலாம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் சொல்ல நினைத்ததையே படம் சொன்னதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு மட்டும் உறுத்தியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் ஆழம் கூடுமா? பக்கவாட்டு அச்சைப் பார்த்தேன். 8,2-க்கு மேலே 3,2 உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். காற்புள்ளி இருந்ததால் நிரல் அவற்றை எண்ணாகவே கருதவில்லை. மாம்பழம், வாழைப்பழம் மாதிரிப் பெயர்களாக எடுத்துக்கொண்டு, வந்த வரிசையில் சம இடைவெளியில் அடுக்கிவிட்டது. பெயர்களை இப்படி ஏற்கும் வசதி 2017-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து உண்டு. நல்ல வசதிதான். ஆனால் எங்கள் விஷயத்தில் அது வாய் திறக்காமல் பொய் சொன்னது.

எண்ணாக மாற்றச் சொன்னதும் எரர் வந்தது. ‘4,1’ என்ற எழுத்துத் தொடரை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று கடைசி வரியில் தெளிவாகச் சொன்னது. குற்றம் எது, எந்த இடத்தில் என்று இதைவிட நேர்மையாக எந்தத் தணிக்கையாளர் எழுதுவார்?

பேத்தியின் தோழி ஒருத்தி குறுக்குவழி சொன்னாள். மாற்ற முடியாததை எல்லாம் வெற்றிடமாக்கும்படி ஒரு சொல் சேர்த்தால் எரர் போய்விடுமாம். சேர்த்தோம். எரர் போயிற்று. பன்னிரண்டு எண்களும் கூடவே போய், வெறும் கட்டம் மட்டும் நின்றது.

இதைத்தான் கண்டிக்கிறேன். அலுவலகத்தில் ஆட்சேபணை எழுதித் திரும்பிய கோப்பைப் படிக்காமலே, ஆட்சேபணைத் தாளை மட்டும் உருவிவிட்டு மறுபடி மேலே அனுப்பிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே வேலைதான்.

மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கி, 2003-இல் வெளியிட்டார். 2012-இல் காலமானார். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அழகான பொய்க் கோடு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காற்புள்ளிகளைப் புள்ளியாக்கினோம். உண்மைப் படம் வந்தது. ஜூலை வரை 4.1 மீட்டர் இறங்கிய தண்ணீர், மழைக்குப் பின் 5 மீட்டர் ஏறியிருக்கிறது. “இது நமக்கு உதவாதே சார்” என்றார் அதே நண்பர். நன்றாகவே உதவும் என்றேன். மழை பெய்தால் எங்கள் கிணறு நிறைகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மழைநீர் போகும் வாய்க்காலைத் தூர் வாரித் தாருங்கள் என்று மனுவை மாற்றி எழுதிவிட்டேன்.

பொய்ப் படத்தோடு போயிருந்தால், விவரம் தெரிந்த முதல் அதிகாரியே தூக்கி எறிந்திருப்பார். அதற்குப் பிறகு எங்கள் தெருவின் எந்த மனுவையும் யார் நம்புவார்கள்?

ஆகவே பிள்ளைகளே, எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். எரர் வராவிட்டால் அச்சைப் படியுங்கள். என் நோட்டில் இனிமேல் புள்ளிதான்.