இறங்க மறந்த இடம்

அக்குறணையில் இறங்க வேண்டிய நான் ஒரு நாள் அலவத்துகொடையில் போய் இறங்கினேன். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. கண்டியில் இரசாயனவியல் வகுப்பு முடிந்து மாத்தளை பஸ்ஸில் ஏறியவள், அன்று எழுதிய வினாத்தாளில் விட்ட பிழைகளை மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்ததும் தெரியாது, எங்கள் ஊர்க் கடைகளின் வெளிச்சம் கடந்ததும் தெரியாது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், பழக்கமில்லாத கடையொன்றின் முன்னால் நின்று வாப்பாவுக்கு அழைப்பெடுத்தேன். அவர் ஏசவில்லை. முச்சக்கர வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு, "என்ன மகள் நடந்தது?" என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்த அழுகை ஒரு தரிப்பிடம் தவறியதற்காக அல்ல என்பது உயர்தரம் படிக்கும் தோழிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். பாடங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பாடசாலையில் ஒரு தடவை, வெளி வகுப்பில் ஒரு தடவை, கடந்தகால வினாத்தாளில் இன்னொரு தடவை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. அப்படியென்றால் என் போட்டி எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருத்தியோடு மட்டுமல்ல, பக்கத்து மேசையில் இருக்கும் என் தோழியோடும்தான். அவளுக்குக் கொப்பியை இரவல் கொடுக்கும்போது கை ஒரு நொடி தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நினைத்து இரவில் வெட்கப்படுகிறேன். பாரம் என்பது பாடம் மட்டுமல்ல, இதுவும் சேர்ந்ததுதான்.

என் நிலையைப் பார்த்த மாமி மகள் 'மைன்ட்ஃபுல்னஸ்' பழகச் சொல்லி ஒரு செயலியை அனுப்பினார். நானும் ஒழுங்கான மாணவியாக நேரசூசியில் இரவு 9.50 முதல் 10.00 வரை அதற்கு இடம் ஒதுக்கினேன். மூன்றாம் நாள் தவறியது. ஐந்தாம் நாளும் தவறியது. அதற்குப் பிறகு மூன்று பாடங்களுக்காகக் கவலைப்பட்டவள் நான்குக்காகக் கவலைப்பட்டேன்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. பாளி மொழியில் 'சதி' என்றொரு சொல் உண்டு. (தமிழ்ப் பொருளை நினைத்துச் சிரிக்க வேண்டாம்.) இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்த ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் அதற்கு 'மைன்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக தேரர் எங்கள் உடவத்தைக்கெலே காட்டிலுள்ள ஆச்சிரமத்தில் வாழ்ந்தவர். அவர் இதைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1962இல் லண்டனில் வெளிவந்து மேற்கில் பலரைச் சென்றடைந்தது. 1979இல் ஜோன் கபட்-சின் என்பவர் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நீண்டகால வலியோடு வாழும் நோயாளிகளுக்கு இதையே மதச்சார்பில்லாத பயிற்சியாகக் கற்பித்தார். ஆக, அந்தப் பயணத்தின் ஒரு பாதை தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள எங்கள் காட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. இப்போது அது உலகைச் சுற்றி, மாதச் சந்தா கேட்டுக்கொண்டு என் கைத்தொலைபேசிக்கே திரும்பி வந்திருக்கிறது!

'சதி' என்ற சொல்லின் அடிப்பொருள் நினைவு. சிங்களத்தில் 'சிஹிய' என்றால் நினைவும் அதுதான், சுயவுணர்வும் அதுதான். மயங்கி விழுந்தவரைத் தமிழில் நினைவு தப்பியவர் என்கிறோம். நாங்கள் தினமும் செய்யும் திக்ருக்கும் நினைவுகூர்தல் என்றுதான் பொருள். இவையெல்லாம் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. யாரை நினைக்கிறோம், எதற்காக நினைக்கிறோம் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆனால் அலவத்துகொடையில் என்னிடம் இல்லாமல் போனது எது என்று கேட்டால், இந்த எல்லா மொழிகளும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

"ஐந்து வேளை தொழுகிற எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். உண்மையைச் சொல்கிறேன்: அன்று அஸரை நான்கு நிமிடத்தில் தொழுதேன். எந்த சூறா ஓதினேன் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. மருந்து வீட்டிலேயே இருந்தது, நான்தான் குடிக்கவில்லை.

இப்போது வுழூவிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் முழங்கையைத் தொடும்வரை அடுத்த வேலையை நினைப்பதில்லை என்பது மட்டுமே என் நிபந்தனை. மார்கழிக் காலையில் கண்டிக் குழாய்த் தண்ணீரின் குளிர் வேறெதையும் நினைக்க விடுவதுமில்லை! இதற்கு நேரசூசியில் தனி இடம் தேவைப்படவில்லை.

இன்னொன்றை உம்மும்மாவிடம் கற்றேன். கடை அரிசியில் இப்போது கல் குறைவு. ஆனாலும் அவர் அரிக்கன்சட்டியை விடுவதில்லை. தண்ணீரோடு சேர்த்து மெதுவாக ஆட்ட, அரிசி மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியில் தங்கும். முதல் நாள் நான் ஆட்டிய வேகத்தில் கல்லும் சேர்ந்து போனது. "அவசரப்படாத மகள், கல்லு தானா கீழ நிக்கும்" என்றார். பதினைந்து நிமிடம் எதையும் மனனம் செய்யாமல் அரிசியை மட்டும் பார்த்திருந்தேன். அன்றிரவு பௌதிகக் கணக்கு சரியாக வந்ததா என்றால், வரவில்லை. ஆனால் அழாமல் திரும்பச் செய்தேன்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனதை அமைதியாக வைத்துக்கொள் என்று எங்களிடம் சொல்வது எளிது. சாக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போய், சுமக்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது நியாயமா? நானா உயர்தரம் எழுதிய வருடம் அவரிடம் யாரும் தேங்காய் துருவச் சொன்னதில்லை. நான் சமையலறையை வெறுக்கவில்லை, அரிசி அரிப்பதை மேலே புகழ்ந்துதான் எழுதியிருக்கிறேன். ஆனால் வகுப்பும் வேலையும் இரண்டும் முழுதாக என் தலையில் இருக்கும்போது, எவ்வளவு நினைவோடு செய்தாலும் நாளுக்கு இருபத்து நான்கு மணித்தியாலம்தான். நான் உம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை பின்னேர வகுப்பை நிறுத்தினோம். அந்த நேரத்தில் நான் படிக்கிறேனா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தோழிகளில் ஒருத்திக்கு நாட்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால், அது அரிக்கன்சட்டியால் தீரும் விடயமல்ல. வீட்டில் ஒருவரிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியரிடம் போவது ஈமான் குறைவு என்று யாராவது சொன்னால், காய்ச்சலுக்கு அவர் எங்கே போகிறார் என்று கேளுங்கள்.

நான் இப்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கொப்பியை மூடிவிடுகிறேன். மகாவலி கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அதையும் மறந்து, மறுபடியும் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். ஆனால் இம்முறை அடுத்த தரிப்பிடத்திலேயே தெரிந்துவிட்டது. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.