எண்ணெய் இறங்கிய மண்ணுக்காக: மதுரை மக்கள் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எண்ணெய் நிறுவனங்கள் கவனத்துக்கு:

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் ஏறி வந்தது. பூமிக்கடியில் போன எரிபொருள் குழாய் கசிந்ததால் வந்த வினை. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மதுரைக்கும் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில்தான் எரிபொருள் வருகிறது. பங்க் தொட்டிகளும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே முன்கூட்டியே கேட்கிறோம்.

1. 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மூடிய பங்க், பழைய டிப்போ எதையும் விடாமல் சேர்த்து, பட்டியலை ஊரறிய வெளியிடுங்கள்.

2. "பாக்டீரியா பொடி தூவியாயிற்று" என்று கோப்பை மூடாதீர்கள். எண்ணெய் தின்னும் நுண்ணுயிர் பெரும்பாலும் நம் மண்ணிலேயே உண்டு. அதற்குக் காற்றும் ஈரமும் சத்தும்தான் கிடைப்பதில்லை. ஒரு கிலோ எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறத்தாழ 3 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நிலத்தடி நீரில் கரைந்திருப்பதோ சில மில்லிகிராம். எனவே மிதக்கும் எண்ணெயை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துங்கள். எண்ணெயில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அநேகமாக இல்லை. கார்பன் 100 பங்குக்கு முறையே 10, 1 என்பது வழக்கமான கணக்கு. மதுரை வெப்பம் நுண்ணுயிருக்குத் தோது. ஆனால் சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்தால் அதன் வேலையும் நின்றுபோகும். திருமங்கலம், பேரையூர்க் கரிசலில் காற்று எளிதில் இறங்காது. தோண்டிப் பரப்பிக் கிளற வேண்டும். பாறை இடுக்கில் புகுந்த எண்ணெய் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்லவே முடியாது. அங்கே கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே டெண்டர் போடுவது வீண்செலவு.

3. பென்சீனைத் தனியாக அளந்து சொல்லுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். நுண்ணுயிர் அதை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். புற்றுநோய் தரும் பென்சீன் சிதையாமல் நீரோடு தூரம் போய்விடும். மொத்த எண்ணெய் அளவு மட்டும் குறைந்தது எங்களுக்கு ஆறுதலாகாது.

4. செலவு கசியவிட்டவருடையது. கிணறு கெட்ட வீடுகளுக்குச் சுத்தமாகும்வரை நல்ல தண்ணீரும் அவர் பொறுப்பே.

5. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒட்டிய எண்ணெய் மறுபடி கிளம்பும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சோதிக்காமல் "சுத்தம்" என்று சான்று தராதீர்கள். முடிவுகளை வார்டு அலுவலகத்திலும் ஊராட்சிப் பலகையிலும் தமிழில் ஒட்டுங்கள்.

வரும் ஐப்பசி மழைக்கு முன் முதல் பட்டியலை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.