கொடிக்காகக் குடியேற்றப்பட்டவர்கள்

கிரீன்லாந்து யாருக்குச் சொந்தம் என்று பெரிய நாடுகள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், அதன் கிழக்குக் கரையில் இருக்கும் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் என்ற இடம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அது ஒரு ஃபியோர்டு. அதாவது, பனியாறு அரித்த ஆழமான பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டானது. உலகிலேயே பெரிய ஃபியோர்டு இதுதான் என்கிறார்கள். கிளை கிளையாகப் பிரிந்து 300 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. 1822-ல் இந்தக் கரையை வரைபடமாக்கிய ஆங்கிலத் திமிங்கில வேட்டைக்காரர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி, தன் தகப்பனார் பெயரை இதற்கு வைத்தார்.

அங்கே பழங்கால இனூயிட் வீடுகளின் இடிபாடுகள் உண்டு. அந்த மக்கள் மறைந்து, இடம் வெகுகாலம் ஆளில்லாமல் கிடந்தது. 1925-ல், பெரும்பாலும் அம்மஸ்ஸாலிக் பகுதியிலிருந்து, சுமார் 80 இனூயிட் மக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஏற்பாடு செய்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் மிக்கெல்சன். பழைய ஊரில் வேட்டை போதவில்லை என்பது ஒரு காரணம். கிழக்கு கிரீன்லாந்தில் நார்வேயும் உரிமை கோரிவந்தது என்பது இன்னொன்று. ஆள் குடியிருந்தால் உரிமைக்குப் பலம். 1933-ல் ஹேக் நீதிமன்றமும் டென்மார்க் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

அந்த ஊரின் இன்றைய பெயர் இட்டோக்கோர்டூர்மீட். ஆண்டில் பெரும்பகுதி கடல் உறைந்து கிடக்கும். கோடையில் ஒன்றிரண்டு முறைதான் சரக்குக் கப்பல் வரும். எண்ணெய் தேட வந்த ஒரு நிறுவனம் 1985-ல் போட்ட ஓடுதளம்தான் விமானத்துக்கு. அங்கிருந்து ஊருக்கு ஹெலிகாப்டர். ஒரு காலத்தில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது சுமார் 350.

'இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு செலவா?' என்று கணக்குப் பார்ப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கிரீன்லாந்திலேயே குல்லிஸாட் என்ற சுரங்க ஊரை, லாபமில்லை என்று 1972-ல் மூடி, மக்களை வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், இது செலவுக் கணக்கே அல்ல, கடன் கணக்கு. தன் உரிமையை நிலைநாட்ட ஒரு குடும்பத்தைப் பனியில் கொண்டுபோய் வைத்த அரசு, அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கு மருத்துவரும் பள்ளிக்கூடமும் தரக் கடமைப்பட்டது. இருப்பதா, போவதா என்பதை அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கிரீன்லாந்தை விலை பேசுகிறவர்கள், பாதுகாக்கிறோம் என்கிறவர்கள், எல்லோருக்கும் இதுவே பொருந்தும். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த எண்பது பேரை எல்லைக் கல்லாக நட்டார்கள். அதே தவற்றை இன்னொரு தடவை செய்ய வேண்டாம்.