கூலி கொடாத அடுகளம்

தென்மார்க்குத் தலைநகர் கோபன்கேகனில் 2003-இல் தோன்றியது நோமா உணவகம். 'வடபுல உணவு' எனப் பொருள்படும் இரு சொற்களின் சுருக்கமே அப்பெயர். ஒலிவ எண்ணெய் முதலிய அயற்பொருள்களை ஒதுக்கித் தம் மண்ணின் பாசியையும் எறும்பையும் தட்டிலிட்டுப் படைத்தனர். தன் நிலத்து விளைவை இழிவென்றெண்ணாத அவ்வுறுதியைப் பாராட்டாதார் யார்?

ஆனால், அடுகளத்துள் நடந்தது என்ன? சில பத்துப் பேரே அமரும் சிறுகூடம். உண்பார்க்குத் தெரிவு இல்லை. வைத்ததை வைத்த வரிசையில் உண்ணவேண்டும். 2023-இல் ஆளுக்கு 500 அமெரிக்கத் தாலருக்குக் குறையாத விலை! அத் தட்டுகளுக்காகப் பழக்கூழை உலர்த்தி வண்டுபோல் வெட்டி ஒட்டவும், தழைகளை ஒவ்வொன்றாய் ஆய்ந்து அடுக்கவும் பன்னாட்டு இளைஞர் நாள்முழுதும் நின்றனர். 'பயிற்சி' என்று அதற்குப் பெயர். 2022 அக்குதோபர் வரை அவர்க்கு ஊதியம் ஒரு காசும் இல்லை. தொழில் கற்க வந்தார்க்குக் கூலி எதற்கு என்பர் சிலர். வண்டு ஒட்டுவதை எத்தனை நாள் கற்பது?

கூலி கொடுக்கத் தொடங்கியதும் திங்கள்தோறும் 50,000 தாலர் செலவு கூடிற்று. மூன்றே திங்களில், 2023 சனவரியில், ஏறத்தாழ 100 பணியாளர்க்கும் முறையான ஊதியம் தந்து இதனை நடத்தவியலாது என்றும், 2024 இறுதியில் மூடுவதாகவும் அறிவித்தார் அதன் தலைவர் இரெனே இரெட்செப்பி. அதுகாறும் அக்கடையை உலகின் முதற்கடையென ஐந்துமுறை முடிசூட்டியவர்கள், சுவையை அளந்தபோதே கூலிக் கணக்கையும் கேட்டிருக்க வேண்டாவா?