சீழ்க்கையும் சவப்பெட்டியும்

போரைப் பொருளாகக் கொண்ட படத்தில் இரண்டு தாய்மார் அழுதுவிட்டால், இறுதிக் காட்சியில் ஒருவன் வானை நோக்கி ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டால், அதற்குப் ‘போர் எதிர்ப்புப் படம்’ என நற்சான்றிதழ் எழுதிக் கொடுப்பது நம் விமர்சகரின் வழக்கமாகிவிட்டது. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, போரைக் காட்டும் படம் போருக்கு எதிரானதாய் அமைதல் அரிது என்று கருதியவர். திரையில் விரியும் தாக்குதலின் விறுவிறுப்பு, கதை கூறும் கண்டனத்தை விழுங்கிவிடும் என்பது அக்கட்சியினர் வாதம். இரு சாராரும் திரையில் இருப்பதை வைத்தே வழக்காடுகின்றனர். திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என வினவுவாரைக் காணோம். அவ்வினாவை எழுப்ப, நம் நாட்டு மண்ணில் எடுக்கப்பட்ட இரண்டு படங்கள் போதும்.

முதலாவது, 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. டேவிட் லீன் இதனைக் கித்துள்கலவில் களனி கங்கைக் கரையில் படமாக்கினார். யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கேணல் நிக்கல்சன், தன் படையினரின் ஒழுங்கையும் பெருமையையும் காக்கும் பொருட்டு, எதிரிக்கே உறுதியான பாலமொன்றைக் கட்டிக் கொடுக்கிறார். முடிவில் பாலம் தகர்கிறது. புகையிரதம் ஆற்றில் வீழ்கிறது. கண்டு நின்ற மருத்துவ அதிகாரி அனைத்தும் பைத்தியக்காரத்தனம் என்று அலறுகிறார். படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அவ்வோர் அலறலைக் காட்டியே அதனைப் போர் எதிர்ப்பின் சிகரம் என்பர். ஆயின், படம் பார்த்தவர் வாயில் இன்றுவரை ஒட்டிக் கொண்டிருப்பது எது? கைதிகள் அணிவகுத்து வரும்போது அடிக்கும் சீழ்க்கை. கிழிந்த காலணியோடு நடப்பவனின் மிடுக்கை அது நம் செவி வழியே நெஞ்சில் ஏற்றிவிடுகிறது. படத்தைப் பாராதவர்க்கும் அந்த மெட்டுத் தெரியும்!

வரலாற்றுக்கு வருவோம். சயாமையும் பர்மாவையும் இணைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் அது போடப்பட்டது. அதில் உழைத்த நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டோர் 12,000க்கு மேற்பட்டோர். இக்கொடுமையைக் குறைத்துப் பேசுதல் நம் நோக்கமன்று. ஆனால் அதே பாதையில் பர்மியரும் மலாயரும் யாவா நாட்டவரும், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும் பெருந்தொகையினராய் உழைத்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக் கொண்டு போயின. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 80,000ஐத் தாண்டுவர் என்பது பரவலான மதிப்பீடு. காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் பேணப்படுகின்றன. தமிழ்க் கூலியின் பிணத்துக்கோ வரிசையுமில்லை, பெயரேடுமில்லை.

லீனின் பாலத்தில் இத்தமிழருள் ஒருவனேனும் ஒரு மரத்துண்டைச் சுமக்கக் காணோம். இத்தனைக்கும் கித்துள்கலவில் அப்பாலத்தை எழுப்பியது யானைகளும் இந்நாட்டுத் தொழிலாளரும்! பியர் பூலின் நாவலே ஆங்கில அதிகாரிகளைப் பற்றியது. கலைஞன் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் உரிமை உடையவன் என்று மறுமொழி கூறுவர். தெரிந்தெடுக்கட்டும். அவ்வாறாயின் அப்படம் கண்டிப்பது ஒரு கேணலின் வீம்பை; போரைக் கண்டித்ததாக அதற்குப் பட்டம் சூட்டவேண்டியதில்லை. இறந்தவருள் மிகப் பலரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுச் செய்யும் கண்டனம், சீழ்க்கைக்குச் சுருதி கூட்டவே பயன்படும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவலே எழுதினார். நம்முள் அதனைப் படித்தவர் எத்தனை பேர்?

மலாயாவுக்குப் போனவர் வேறு, நாம் வேறு என்று எண்ணற்க. சேலம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் அதே ஊர்களிலிருந்துதான் கங்காணிமார் ஒரு கூட்டத்தை மலாயாவுக்கும் மற்றொரு கூட்டத்தைக் கண்டி, மாத்தளைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் சென்றனர். அவர்தம் வழிவந்தோர் வாழும் இறத்தோட்டைத் தோட்டங்களைக் கடந்து, ரிவர்ஸ்டன் மலையேறி, இலுக்கும்புர வழியே இறங்கும் வீதி பல்லேகமவை அடைகிறது. மலைக்கு அப்பால் சிங்கள உழவரின் வயற் கிராமங்கள். அவ்வூர் வீடுகளின் சுவரில், படை உடையணிந்த மகனின் படத்தை மாலையுடன் கண்டிருக்கிறேன். அம்மாலையைப் பற்றியதே நான் கூறும் இரண்டாவது படம்.

பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய ‘புரஹந்த களுவர’வில் போர்க்களமே இல்லை. துவக்கு வெடிப்பதில்லை. வறண்ட கிராமமொன்றில் கண் தெரியாத முதியவர் வன்னிஹாமி. மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. மகன் இறந்தான் என்பதை அவர் ஏற்க மறுக்கிறார். இழப்பீட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஒருநாள் தாமே புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பவை வாழைத் தண்டும் கற்களும். ஜோ அபேவிக்ரமவின் முகத்தில் அப்போது அழுகை கூட இல்லை. இப்படத்துக்கு நிதி தந்தது யப்பானின் என்.எச்.கே. நிறுவனம் என்பது, சயாம் பாதையை நினைக்கும்போது, விசித்திரமான செய்திதான். தணிக்கைச் சபை அனுமதித்த பின்னரும், ஆனையிறவு வீழ்ந்த 2000ஆம் ஆண்டிலே அரசு இதன் காட்சியைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே படம் திரைக்கு வந்தது. குவாய்ப் பாலத்தை எந்தப் படைத்தலைவர் அஞ்சினார்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வன்னிஹாமியின் கதையில் தமிழர் எங்கே? நம் அளவுகோலின்படி இதுவும் தோற்க வேண்டுமன்றோ? தமிழர் இல்லை என்பது உண்மை. எனினும், வெறுமையை வெறுமை என்று அறிந்து அதையே திறந்து காட்டும் படம் இது. அந்தப் பெட்டிக்குள் எதைப் போட்டு மூடினார்கள் என்று கேட்கத் தொடங்கியவன், வடக்கில் பெட்டியே கிடைக்காதவர்களைப் பற்றியும் கேட்பான். குவாய்ப் படமோ வெறுமையின் மேல் அணிவகுப்பு நடத்துகிறது.

அழுகையும் தனியே நின்று போரைக் கண்டித்துவிடாது. 2024இல் தமிழ்கூறும் நல்லுலகெங்கும் ஓடிய ‘அமரன்’ மனைவியின் கண்ணீரை மனமுருகக் காட்டி, அதனை அசோகச் சக்கரப் பதக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் பக்கத்து ‘ஒளிவீச்சு’ நாடாக்களிலும் தாய்மாரின் துயரம் இருந்தது. அத்துயரமே அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைக்கும் குரலாகவும் இருந்தது. இதனைக் கூறத் தயங்கும் தமிழ் விமர்சகன், பிறர் படங்களைக் குறைகூறும் தகுதியை இழக்கிறான்.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் நடத்தும் திரைப்பட மாலையில், இவ்வாண்டு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டுக. இறத்தோட்டையிலிருந்தும் பல்லேகமவிலிருந்தும் மாணவரை அழைத்து வர ஒரு பேருந்துக் கட்டணம் போதும். சிங்களச் சங்கத்தாரும் உடன் அமரட்டும். பேச்சாளர் வேண்டா, முதற் படத்தின் இடைவேளையில் சயாம் பாதையில் மாண்டோரின் கணக்கை மட்டும் யாரேனும் எழுந்து இரு மொழியிலும் வாசிக்கட்டும்.